உன்னை 'அவங்க' என்று சொன்ன நாள்

சிவப்பு மைப் புட்டியை இன்று காலை திறந்ததும் அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியது. ஏழாம் வகுப்பின் கட்டுரை நோட்டுகள் மேசை மேல் அடுக்கியிருந்தன. மூன்றாவது நோட்டில் ஒரு பெண் இங்கிலீஷில் எழுதியிருந்தாள்: ஒவ்வொரு மாணவரும் வீட்டில் தம் தாய்க்கு உதவ வேண்டும். 'தம் தாய்' என்பதற்கு அவள் போட்டிருந்தது 'ஹெர் மதர்'. நான் யோசிக்கவே இல்லை. கை தானாகப் போய் 'ஹெர்' என்பதை அடித்து, மேலே 'ஹிஸ்' என்று எழுதியது. அவளுடைய தாயை அவனுடைய தாயாக மாற்றிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். இந்தப் பள்ளியில் வாசல் காக்கும் பாக் மாட் ஒருவரைத் தவிர ஆணென்று யாரும் இல்லை.

அடுத்த வரியில் பேனா நின்றுவிட்டது. "அடிச்சிட்டியா? நல்லா அழுத்தி அடி, எந்திரிச்சு வந்துடப் போவுது" என்று பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீ சொல்வது போல இருந்தது. அந்தப் பக்கத்தில் இப்போது வேறு ஒருத்தி பாடம் எடுக்கிறாள். நீ இறந்து ஆறு வருடம் ஆகிறது.

உயிரோடு இருந்தபோது எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. தமிழில் எழுதுகிறேன். இங்கிலீஷ் நம் இருவருக்கும் சோறு போட்ட மொழிதான். ஆனால் அதில் உன்னிடம் பேசுவதற்கு எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்பது உனக்குத் தெரியும்.

நான் இந்தப் பள்ளியில் சேர்ந்தபோது நீ இரண்டு வருடம் முடித்திருந்தாய். இருவருக்கும் ஒரே வயது. முதல் நாள் நான் 'அக்கா' என்று கூப்பிட்டதற்கு, "என்னைப் பாத்தா அக்கா மாதிரியா இருக்கு? பேரைச் சொல்லு, இல்லேன்னா வாடி போடின்னு கூப்பிடு" என்றாய். ஒரு வாரத்தில் வாடி போடி ஆகிவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் நம் பள்ளிக்குப் பின்னால் சரக்கு ரயில் போகும்போதெல்லாம் இரண்டு வகுப்பிலும் பாடம் நிற்கும். அந்த இரண்டு நிமிடம் நாம் இருவரும் தடுப்பின் ஓரத்துக்கு வந்து நிற்போம். பேச முடியாது, ரயில் சத்தம். நீ கண்ணாலேயே யாரையாவது கேலி செய்வாய். நான் சிரிப்பை அடக்க முடியாமல் கரும்பலகையின் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இங்கிலீஷ் இலக்கணம் உனக்கு ஒரு சண்டைக்காரி மாதிரி. அதைப் பிடித்து உலுக்காமல் விடமாட்டாய். ஆணுக்கு ஒரு சொல், பெண்ணுக்கு ஒரு சொல், யாரென்று தெரியாவிட்டால் ஆணுக்குரிய சொல்லே போதும் என்ற விதியை நானும் படித்துத்தான் வந்தேன், நீயும் படித்துத்தான் வந்தாய். எனக்கு அது விதி. உனக்கு அது யாரோ செய்த வேலை. "இதை எழுதினவன் வீட்டுல பொம்பளையே இல்லையா?" என்று கேட்பாய்.

பள்ளியை நடத்தும் குழு தேர்வாளர் துரை ஒருவரை அனுப்பிய நாள் நினைவிருக்கிறதா? மழைக்காலம். உன் வகுப்பின் கரும்பலகையில், 'எல்லோரும் தங்கள் குடையைக் கொண்டுவந்திருக்கிறார்கள்' என்று இங்கிலீஷில் ஒரு வாக்கியம். அதில் குடைக்கு முன்னால் நீ எழுதியிருந்தது 'ஹெர்'. தடுப்பின் இந்தப் பக்கத்திலிருந்து நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

துரை கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "இதை எழுதியது பிள்ளைகளா, ஆசிரியையா?"

"நான்தான் ஐயா."

"ஆசிரியைக்கு இந்த இடத்தில் 'ஹிஸ்' வர வேண்டும் என்பது தெரியாதா?"

"இந்த அறையில் ஒரு பையன் கூட இல்லை ஐயா. இருக்கும் குடை எல்லாம் பெண்களுடையது. யாருடையது என்று நான் எழுதுவது?"

"அம்மா, 'ஹிஸ்' என்றால் அதற்குள் பெண்ணும் அடக்கம். அப்படித்தான் உலகமெங்கும்."

"அப்படியானால் இன்று ஒரு நாளைக்கு 'ஹெர்' என்பதற்குள் ஆண் அடங்கிக்கொள்ளட்டுமே" என்றாய்.

பிள்ளைகள் சிரித்தார்கள். துரையும் சிரித்தார். போகும்போது தன் அறிக்கையில், ஆசிரியை கெட்டிக்காரி, ஆனால் அடக்கம் போதாது என்று எழுதிவிட்டுப் போனார். பெரிய மிஸ் அதை உனக்குப் படித்துக் காட்டினார். ஆசிரியர் அறைக்கு வந்து நீ சொன்னாய், "பாத்தியா, அவரு 'அடக்கம்'னு சொன்னது இலக்கணத்தை இல்லடி. என்னை."

பெரிய மிஸ் இங்கிலாந்துக்காரர். நம் இருவருக்கும் அவர்தான் தலைமை. விளையாட்டு விழா நாளில் அவர் திடலில் நின்று, எல்லோரும் தங்கள் தொப்பியை எடுத்துக்கொண்டார்களா என்று இங்கிலீஷில் உரக்கக் கேட்டார். அவர் வாயில் அப்போது வந்தது 'ஹிஸ்' இல்லை, 'ஹெர்' இல்லை, 'தேர்'. பலரைக் குறிக்கும் சொல். நீ என் இடுப்பில் கிள்ளினாய். "கேட்டியா? பேசும்போது அவங்களுக்கே அதான் வருது. ஆணா பொண்ணான்னு தெரியலைன்னா 'தே', 'தேர்'. நாம 'அவங்க'ன்னு சொல்றோம் பாரு, அதே மாதிரி. எழுதும்போது மட்டும்தான் மீசை முளைக்குது."

பக்கத்தில் நின்ற பாக் மாட்டிடம் மலாயில் அதைக் கேட்கப் போய்விட்டாய். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "எங்களுக்கு எல்லாருமே 'டியா'தான் டீச்சர். ஆம்பளையும் டியா, பொம்பளையும் டியா. பேரன் ஒருத்தன், பேத்தி ஒருத்தி. இதுவரைக்கும் ஆள் மாறினதில்ல" என்றார். அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். 'தமிழ் மட்டும் என்ன வாழ்ந்துவிட்டது, பாடப்புத்தகத்தில் ஒரு மாணவியாவது இருக்கிறாளா, எல்லாம் மாணவன்தானே' என்று நான் சொன்னதற்கு, அதையும் ஒரு நாள் பார்த்துக்கொள்வோம் என்றாய்.

அந்த ஒரு நாள் வரவில்லை.

குழுவின் விதிப்புத்தகத்தைப் பற்றி இங்கே எழுதியாக வேண்டும். ஆண் பள்ளிக்கும் நம் பள்ளிக்கும் சேர்த்து ஒரே புத்தகம், பச்சை அட்டை. அதில் ஆசிரியர் என்றாலே 'ஹீ' தான். முதல் பக்கத்திலேயே ஒரு வரி போட்டுவிட்டார்கள்: ஆணைக் குறிக்கும் சொற்கள் பெண்ணையும் குறிக்கும். அதற்குப் பிறகு கவலையே இல்லாமல் எல்லா இடத்திலும் அவன், அவன், அவன்.

ஒரு மாலை பள்ளி விட்ட பிறகு பெருமழை. வாசல் வரை போய் நனைந்து திரும்பி வந்தாய். ஆசிரியர் அறையில் நாம் இருவர்தான். அந்தப் பச்சை அட்டைப் புத்தகத்தை என் மடியில் போட்டு, "இந்தப் புத்தகம் முழுக்க ஒரே ஒரு இடத்துலதான் 'ஷீ' வருது. எங்கேன்னு சொல்லு பாப்போம்" என்றாய்.

"தையல் வகுப்பா?"

"இல்ல."

"பிள்ளைங்களைக் குளிப்பாட்டுறதா?"

"அதுக்கும் 'ஹீ'தான் போட்டிருக்கான், மடையன்." நீயே பக்கத்தைப் புரட்டி விரலை வைத்தாய். ஆசிரியர் திருமணம் செய்துகொண்டால் 'ஷீ' வேலையிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும். "பாத்தியா? நாம புத்தகத்துக்குள்ள வர்றதே வெளிய போறதுக்குத்தான்."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. ஈர ரவிக்கையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றி, உள்ளே ஊசியால் குத்தி வைத்திருந்த சின்னத் துணிப் பையை வெளியே எடுத்துக் காட்டினாய். அதற்குள் மஞ்சள் கயிறும் தாலியும் இருந்தன.

மேரு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் உன் கணவர் கிராணியாக, கணக்கு எழுதுபவராக இருந்தார் என்றாய். தோட்டத்துக் கோயிலில் கல்யாணம் நடந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பூசை செய்யும் பண்டாரமும் கணவரின் அக்காவும்தான் சாட்சி. வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்துக்கே போய்விடலாம் என்றுதான் இருந்திருக்கிறாய். அதற்குள் ரப்பர் விலை விழுந்தது. தோட்டத்தில் ஆட்களைக் குறைத்தார்கள். கூலிகளை ஊருக்குக் கப்பல் ஏற்றினார்கள், பிறகு கிராணிகளை நிறுத்தினார்கள். அவர் பந்திங்கில் அக்கா வீட்டில் போய் இருந்தார். இரண்டு பேருக்கும் உன் சம்பளம் ஒன்றுதான். சனிக்கிழமை தோறும் கிள்ளானுக்கு ரயில், அங்கிருந்து பஸ், ஞாயிறு மாலை திரும்பி வந்து மறுநாள் பள்ளி. உறவுக்காரர் வீடு என்றுதான் என்னிடமும் அதுவரை சொல்லியிருந்தாய்.

"உன்னைத் தவிர இங்க யாருக்கும் தெரியாது" என்றாய். "தெரிஞ்சா அன்னைக்கே பெட்டியைக் கட்டணும்."

"நான் ஏன் சொல்லப் போறேன்?" என்றேன். அந்தக் கணத்தில் அது உண்மைதான். அதை மட்டுமாவது நம்பு.

அடுத்த வருடம் மூத்த ஆசிரியர் பதவி காலியானது. ஆறு வருடம் வேலை பார்த்தவர் யாரும் கேட்கலாம் என்று விதி. நீ ஒருத்திதான் ஆறு வருடம் முடித்திருந்தாய். எனக்கு நான்கு. நீ விண்ணப்பம் கொடுத்தாய். குழுவின் செயலாளர், அவரும் நம்மவர்தான், வேட்டிக்கு மேல் கோட்டுப் போடுபவர், பள்ளிக்கே வந்து உன்னைக் கூப்பிட்டு விதியைப் படித்துக் காட்டினார். ஆறு வருடம் முடித்தபின் 'ஹீ' இந்தப் பதவிக்குத் தகுதி பெறுகிறார். 'ஹீ' என்றுதானே இருக்கிறது, ஆகவே அது ஆண் பள்ளிக்கு உரியது, நம் பள்ளியில் அந்தப் பதவியை யாருக்குக் கொடுப்பது என்பது குழுவின் விருப்பம் என்றார்.

நீ முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாய். பொருந்தும் இடங்களில் மட்டுமே அந்த வரி பொருந்தும் என்றார் அவர்.

"போன மாசம் ஒரு நாள் மழை. நான் பத்து நிமிஷம் பிந்தி வந்தேன்" என்றாய். "பிந்தி வந்தால் 'ஹீ' அரை நாள் விடுப்பை இழப்பார்னு விதி. என் அரை நாளைப் பிடிச்சுக்கிட்டீங்க. அன்னைக்கு அந்த 'ஹீ' நானா இருந்தேன். இன்னைக்கு ஏன் ஐயா இல்ல?"

அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். ஆசிரியர் அறையில் இருந்த எல்லோரும் உன்னைச் சுற்றிக்கொண்டார்கள். நானும்தான். உன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஜெயிச்சிட்டடி" என்றேன். அடுத்த வாரம் குழுவிலிருந்து கடிதம் வந்தது. உன் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கிறார்களாம்.

அந்த வாரம் வீட்டில் என்ன நடந்தது என்று நான் உன்னிடம் சொன்னதில்லை. நான் அண்ணன் வீட்டில், ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தேன், உனக்குத் தெரியும். இரண்டு அறை, அண்ணனுக்கு ஐந்து பிள்ளைகள். உன்னைப் பற்றிப் பெருமையாக அண்ணியிடம் சொன்னேன். அண்ணி பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, "அவளுக்குக் கெடச்சா உனக்கு என்ன? உனக்கு எப்ப? நீ இங்கயேதான் கெடப்பியா?" என்றார். அண்ணி கெட்டவர் இல்லை. இடம் இல்லாத வீட்டில் பேசும் பேச்சு அது. ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மூத்த ஆசிரியைக்குப் பள்ளி மாடியில் ஒரு அறை உண்டு. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள அறை. நீ வாரக் கடைசியில் பந்திங்குக்கு ஓடுபவள். உனக்கு அந்த அறை எதற்கு என்று ஒரு நாள் நினைத்தேன். அப்படி நினைத்தபோது நான் உன் பக்கத்தில்தான், தேநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பத்து நாள் கழித்துப் பெரிய மிஸ் என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். உன் விண்ணப்பத்தைப் பற்றிக் குழு தன்னிடம் விவரம் கேட்டிருக்கிறது என்றார். உன் வேலை சுத்தம் என்று அவரே சொன்னார். பிறகு, அடுத்து மூத்தவர் நான் என்பது தமக்கு நினைவிருக்கிறது என்றார். அவ்வளவுதான். ஆசை காட்டினார் என்று சொல்ல முடியாது. நான்கு வார்த்தை, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். அதன் பிறகு கேட்டார்:

"சனிக்கிழமைகளில் அவள் எங்கே போகிறாள்? உனக்குத் தெரியுமா?"

அவர் கேட்டது 'ஷீ' என்று. பதிலுக்கு நான் 'ஷீ' என்று ஆரம்பித்திருக்கலாம். 'எனக்குத் தெரியாது மிஸ்' என்று சொல்லியிருந்தால் இன்னும் நல்லது. உறவுக்காரர் வீட்டுக்கு என்று சொல்லியிருந்தால் அது நீயே எனக்குக் கற்றுக் கொடுத்த பொய்.

நான் சொன்னது: "தே ஸ்டே இன் பந்திங், மிஸ்."

பெரிய மிஸ் மேசைக்கு முன்னால் குனிந்தார். "தே? யார் யார்?"

"இல்லை மிஸ்... அவளுடைய குடும்பம்."

"குடும்பமா? அவள் படிவத்தில் மலாயாவில் குடும்பம் என்று யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறாளே."

நான் பேசாமல் நின்றதே பதிலாகப் போனது. அவர் நன்றி சொல்லி என்னை வகுப்புக்குப் போகச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை குழுவின் ஆள் ஒருவர் உனக்குப் பின்னாலேயே பஸ்ஸில் பந்திங் வரை வந்தார். அங்கே பாசாரில் விசாரித்தால் தெரியாதா? மீன் விற்கிறவளே, அது கிராணி வீட்டம்மா என்று சொல்லி வீட்டைக் காட்டியிருக்கிறாள்.

திங்கட்கிழமை நீ நேராக என்னிடம்தான் வந்தாய். வகுப்பு தொடங்குவதற்கு முன்னால், கிணற்றடியில். நான் காத்திருந்தேன். சொல்ல வேண்டியதை மனத்துக்குள் எழுதி வைத்திருந்தேன்.

"வாய் தவறிடுச்சுடி" என்றேன். "தமிழ்ல நெனச்சுட்டு இங்கிலீஷ்ல பேசிட்டேன். மரியாதையா 'அவங்க'ன்னு மனசுல வந்துச்சு, அது 'தே'ன்னு வெளிய வந்துடுச்சு. உன் ஒருத்தியைத்தான் சொன்னேன். அவங்க தப்பா எடுத்துக்கிட்டாங்க."

நல்ல சமாதானம். பாக் மாட்டிடம் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். துரையிடம் சொல்லியிருந்தால் ஒரு புது இலக்கணச் செய்தி கிடைத்த மகிழ்ச்சியோடு போயிருப்பார்.

உன் முகத்தில் கோபத்தைத் தேடினேன், இல்லை. கணக்கு வாத்தியார் தப்பான விடையைப் பார்ப்பது போல ஒரு பார்வை.

"நீ என்னை எப்பவும் 'அவ'ன்னுதானே சொல்லுவ?" என்றாய். "பிள்ளைங்ககிட்ட, உங்க அண்ணிகிட்ட, எல்லார்கிட்டயும். அவ வந்தா, அவ போனா. என்னைக்குடி நீ என்னை 'அவங்க'ன்னு சொன்ன?"

மணி அடித்தது, நீ உன் வகுப்புக்குப் போய்விட்டாய். அன்று சரக்கு ரயில் போனபோது நான் தடுப்பின் ஓரத்துக்கு வந்தேன். நீ வரவில்லை.

விசாரணை நாளில் கூட்டக் குறிப்பு எழுத என்னை உட்கார வைத்தார்கள், என் கையெழுத்து நன்றாக இருக்குமாம். உனக்கு எதிரில் ஐந்து ஆண்கள், பெரிய மிஸ், மூலையில் நான். நீ தாலியை அன்று வெளியே போட்டுக்கொண்டு வந்திருந்தாய். புதுக் கயிறு, மஞ்சள் இன்னும் மங்கவில்லை. கல்யாணம் ஆனதா என்றார்கள். ஆனது என்றாய். விதி தெரியுமா என்றார்கள். தெரியும் என்றாய். பிறகு நீ ஒரு கேள்வி கேட்டாய்:

"ஆண் பள்ளியில் இருக்கும் ஆசிரியர்கள் எல்லோரும் கல்யாணம் ஆனவர்கள். 'ஹீ' என்றால் அதில் பெண்ணும் அடக்கம் என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். இந்த விதியில் 'ஷீ' என்று இருக்கிறது. அதில் ஆண் அடக்கம் இல்லையா?"

செயலாளர் அதற்குத் தயாராக வந்திருந்தார். "ஆணைக் குறிப்பது பெண்ணையும் குறிக்கும் என்றுதான் இருக்கிறது அம்மா. பெண்ணைக் குறிப்பது ஆணைக் குறிக்கும் என்று எங்கேயும் எழுதவில்லை."

இரண்டு பேர் சிரித்தார்கள். நீ அந்தச் சிரிப்பு முடியும் வரை காத்திருந்து, "இனிமேலும் எழுத மாட்டீர்கள்" என்றாய். செயலாளர் என் பக்கம் திரும்பி, இந்தப் பேச்சைக் குறிப்பில் சேர்க்க வேண்டாம் என்று தமிழில் சொன்னார். நான் சேர்க்கவில்லை. அந்தக் குறிப்பு இன்றும் அலமாரியில் இருக்கிறது. ஆசிரியை தவறை ஒப்புக்கொண்டார், மாதக் கடைசியில் விலகுகிறார் என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். அங்கே எனக்கு 'ஷீ' தடுமாறவில்லை.

நீ போன நாளில் பிள்ளைகள் அழுதார்கள். பாக் மாட் உன் தகரப் பெட்டியை ரயிலடி வரை தூக்கிப் போனார். நான் மாடி ஜன்னலில் நின்றேன். மூத்த ஆசிரியை அறையின் சாவியை எனக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் கொடுத்தார்கள். ஆனாலும் அன்றே, பூட்டாமல் கிடந்த அந்த அறையின் ஜன்னலில் போய் நின்றேன். நீ திரும்பிப் பார்த்தால் கை காட்டலாம் என்றிருந்தேன். நீ திரும்பவில்லை. திரும்பியிருந்தால் காட்டியிருப்பேனா என்பதும் தெரியவில்லை.

தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தோட்டத்தில் அவருக்கு மறுபடியும் வேலை கிடைத்தது என்று கேள்விப்பட்டேன். லயத்தில் குடியிருக்கும் கூலிகளின் பிள்ளைகளுக்கு நீ பாடம் எடுக்கிறாய் என்றும் யாரோ சொன்னார்கள். கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'அன்புள்ள' என்பதற்கு மேல் போகவில்லை. அடுத்த மாதம் பார்ப்போம் என்று எடுத்து வைத்தேன். அப்படியே இரண்டு வருடம் போனது.

பிறகு ஒரு நாள் பாக் மாட் வந்து, வாசலில் ஒருவர் என்னைக் கேட்டு நிற்கிறார் என்றார். மெலிந்த மனிதர், கக்கத்தில் குடை. உன் கணவரை நான் அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். தோட்டத்துக் காய்ச்சல், ஒன்பது நாள் என்றார். கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது என்றார். நீ இங்கே விட்டுப் போன புத்தகங்கள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுப் போக வந்திருந்தார். ஒரு அகராதிதான் இருந்தது. அதைக் கொடுத்தேன்.

கேட்டிருக்கக் கூடாது, கேட்டேன். "என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "இல்லீங்கம்மா. பிள்ளைங்களைப் பத்திச் சொல்லுவா. அந்த மலாய்க்காரரைப் பத்திச் சொல்லுவா. உங்க பேரை அவ எடுத்ததே இல்ல."

திட்டியிருந்தால் அதையாவது வைத்துக்கொண்டிருப்பேன். நீ எனக்கு அதையும் விட்டு வைக்கவில்லை. அவர் போன பிறகுதான் கவனித்தேன். அவரிடம் உன்னைப் பற்றிக் கேட்டபோது என் வாயில் வந்தது 'சொன்னாங்களா' என்று. கூப்பிட வேண்டிய காலமெல்லாம் 'அவ'. 'அவங்க' என்றது காட்டிக்கொடுக்க ஒரு தடவை, நீ போன பிறகு ஒரு தடவை.

பள்ளி ஆண்டு மலரில் உன்னைப் பற்றி நான்கு வரி எழுதச் சொன்னார்கள். செத்தவர்களிடம் குழு தாராளமாக இருக்கும். கடைசி வரியாக நான் இங்கிலீஷில் எழுதினேன்: இவரிடம் படித்த ஒவ்வொருவரும் தம் நெஞ்சில் இவரைச் சுமப்பார்கள். 'தம் நெஞ்சில்' என்பதற்கு உனக்காக 'தேர்' என்று போட்டேன். எனக்கு அது பெரிய துணிச்சல். பெரிய மிஸ் பென்சிலால் அதை அடித்து 'ஹிஸ்' என்று திருத்தி அனுப்பினார். கோபமில்லாமல், வழக்கம் போல. நான் அவர் அறை வாசல் வரை போனேன். இது பெண் பிள்ளைகள் பள்ளி மிஸ், நீங்களே திடலில் அப்படித்தானே பேசினீர்கள் என்று கேட்கப் போனேன். வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு திரும்பி வந்து, திருத்தியபடியே நல்ல பிரதி எடுத்துக் கொடுத்தேன். அப்படியே அச்சாகி வந்தது. உன்னிடம் படித்த ஒவ்வொரு பெண்ணும் உன்னை 'அவன்' நெஞ்சில் சுமக்கிறாள். நூலகத்தில் போனால் இன்றும் பார்க்கலாம்.

மாடி அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்குகிறேன். அண்ணி பண்டிகைக்கு வந்தால் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நல்ல காற்று என்கிறார். விதிப்புத்தகத்துக்குப் புது அட்டை போட்டுவிட்டார்கள், உள்ளே ஒரு எழுத்தும் மாறவில்லை.

போன மாதம் உன் வகுப்பில் இப்போது இருக்கும் அந்தப் பெண், வயது இருபத்து மூன்று இருக்கும், எல்லோரும் போன பிறகு ஆசிரியர் அறையில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கழுத்து வரை பொத்தான் போட்ட ரவிக்கை. கை அந்தப் பொத்தானிலேயே இருந்தது.

"அக்கா, உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"சொல்லாத" என்றேன்.

"இல்லக்கா, உங்களைத் தவிர இங்க எனக்கு..."

"எங்கிட்ட எதையும் சொல்லாத. இன்னைக்கும் வேணாம், என்னைக்கும் வேணாம். சனிக்கெழம எங்க போறேன்னும் சொல்லாத. போ."

அவள் முகம் சுருங்கிவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு பையை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு என்னிடம் வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும்தான் பேசுகிறாள். நான் ஈரமில்லாதவள் என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறாள், காதில் விழுந்தது. சொல்லிக்கொள்ளட்டும். இத்தனை வருடத்தில் இங்கே ஒருத்திக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று அவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.